தாழ்த்திய காரும் கோணல் சக்கரமும்

பட்டணத்துக் கடைத்தெருவானாலும் சரி, தோட்டத்துக் கோயில் திருவிழாவானாலும் சரி, நம் இளைஞர்கள் கூடும் இடத்தில் தரையை ஒட்டினாற்போல் நிற்கும் கார்கள் இரண்டொன்றாவது கண்ணில் படாமல் இருப்பதில்லை. 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் தொடங்கிய இந்த ஆசை, வீரா, கஞ்சில், மைவி என்று ஒவ்வொரு காராகத் தொடர்ந்து வருகிறது. பெரியவர்கள் பார்த்து, "இது ஓடுகிற காரா, ரோட்டைக் கூட்டுகிற காரா?" என்று கேலி செய்கிறார்கள். இளைஞர்களோ, "கார் தாழ்ந்திருந்தால் வளைவில் சாயாமல் திரும்பும்" என்கிறார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு.

இக்கட்டுரையின் நோக்கம் கேலி செய்வதும் அன்று, ஆசை காட்டுவதும் அன்று. காரைத் தாழ்த்துவோரில் பலர் பாதி வேலையோடு நின்றுவிடுகிறார்கள். ஸ்பிரிங்கை மாற்றியதும் வேலை முடிந்ததென்று எண்ணி ஓட்டிச் சென்றுவிடுகிறார்கள். காரின் உயரம் குறைந்த அந்த நிமிடமே சக்கரங்களின் கோணங்களும் மாறிவிடுகின்றன. அவற்றைச் சரிசெய்வதுதான் மறுபாதி வேலை. அதைப் பட்டறைகளில் 'வீல் அலைன்மெண்ட்' என்பார்கள். நாம் சக்கரச் சீரமைப்பு என்று சொல்லலாம். இந்த மறுபாதியைச் செய்யாமல் விடுவதால்தான் சம்பளப் பணம் டயராகக் கரைகிறது. சில வேளை உயிருக்கும் ஆபத்து வருகிறது.

பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கோணம், மில்லிமீட்டர், சுற்றளவு ஆகியவை நம் பிள்ளைகள் படிக்கும் கணக்குப் பாடத்தில் உள்ளவைதாம். இங்கே அந்தக் கணக்கு ரோட்டில் ஓடுகிறது; அவ்வளவே.

மூன்று கோணங்கள்

கித்தாத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கோணத்தின் அருமை தெரியும். பால் வெட்டும் கோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். தகடு வைத்துக் குறி போட்ட பிறகுதான் மரத்தில் கத்தி வைப்பார்கள். சாய்வு தவறினால் பாலும் போகும், மரமும் கெடும். காரின் சக்கரத்துக்கும் இப்படிக் கோணங்கள் உண்டு. ஆனால் இவை ஒரு டிகிரியைப் பத்தாகப் பிரித்து அளக்கவேண்டிய அளவுக்கு நுட்பமானவை.

முதலாவது கேம்பர். காரின் முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பதே கேம்பர். சக்கரத்தின் மேற்பகுதி காரின் உட்பக்கம் சாய்ந்தால் அது 'நெகட்டிவ்' கேம்பர். வெளிப்பக்கம் சாய்ந்தால் 'பாசிட்டிவ்'. 600 மில்லிமீட்டர் உயரமுள்ள சக்கரத்தில் ஒரு டிகிரி சாய்வு என்றால், மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிடச் சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும். சாதாரணக் கண்ணுக்கு இது எளிதில் தெரியாது.

இரண்டாவது டோ. ஆங்கிலத்தில் கால் விரலைக் குறிக்கும் சொல் இது. நேராக நின்றுகொண்டு இரு பாதங்களின் விரல்களையும் உட்பக்கம் திருப்பிப் பாருங்கள், அது டோ-இன். வெளிப்பக்கம் திருப்பினால் டோ-அவுட். காரின் மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களும் இப்படித்தான் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும்.

மூன்றாவது காஸ்டர். மிதிவண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கைப்பிடித் தண்டு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது தெரியும். காரின் முன்சக்கரம் திரும்பும் அச்சும் அதே போல் பின்னோக்கிச் சாய்ந்துள்ளது. வளைவு கடந்ததும் ஸ்டியரிங் தானாகவே நேர்நிலைக்குத் திரும்புவதற்கு இந்தச் சாய்வு பெருந்துணை செய்கிறது.

உயரம் குறைந்தால் கோணம் ஏன் மாறுகிறது?

நம் நாட்டில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள் மெக்பெர்சன் அமைப்பில் உள்ளவை. எர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் வகுத்த முறை இது. ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும். தூணின் மேல் முனை காரின் உடம்போடு பிணைக்கப்பட்டிருக்கும். கீழே 'லோவர் ஆர்ம்' என்னும் இரும்புக் கை சக்கரத்தைப் பிடித்திருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஓர் அடிக்கோலின் ஒரு முனையைச் சுவரில் ஆணியடித்து நிறுத்துங்கள். மறுமுனையைச் சற்றுக் கீழே சாய விடுங்கள். பிறகு அந்த முனையை மெல்ல மேலே தூக்கிக் கோலைக் கிடைமட்டமாக்குங்கள். தூக்கத் தூக்க அந்த முனை ஆணியைவிட்டுப் பக்கவாட்டில் விலகிச் செல்வதைக் காண்பீர்கள். கார் தாழும்போது லோவர் ஆர்முக்கும் இதுவே நடக்கிறது. சக்கரத்தின் கீழ்ப்பகுதி வெளியே தள்ளப்படுகிறது. மேற்பகுதி உள்ளே சாய்கிறது. நெகட்டிவ் கேம்பர் கூடிவிடுகிறது.

கோலை இன்னும் தூக்கினால் என்ன ஆகும்? கிடைமட்டத்தைத் தாண்டியதும் முனை மறுபடி உள்ளே வரத் தொடங்கும். காரை அளவுக்கு மீறித் தாழ்த்தினாலும் இதுவே கதி. வளைவில் சக்கரம் மேலேறும்போது கிடைக்கவேண்டிய நல்ல சாய்வு கிடைக்காமல் போகும். 'தாழத் தாழப் பிடிப்பு கூடும்' என்று எண்ணுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி டோவுக்கு வருவோம். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியை 'டை ராட்' என்பார்கள். அதுவும் ஓர் அடிக்கோல்தான். ஆனால் அதன் நீளம் வேறு, ஆணியடித்த இடம் வேறு. கார் தாழும்போது லோவர் ஆர்ம் ஒரு வட்டத்தில் நகர்கிறது. டை ராட் வேறொரு வட்டத்தில் நகர்கிறது. இரண்டும் பிடித்திருப்பது ஒரே சக்கரத்தை. ஆகவே சக்கரத்தின் முகம் திரும்பிவிடுகிறது. சில கார்களில் உள்நோக்கித் திரும்பும். சிலவற்றில் வெளிநோக்கித் திரும்பும். எப்படியானாலும் பழைய அளவில் நிற்காது.

முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட அதிகமாகத் தாழ்த்தினால் காஸ்டரும் குறையும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் உள்ள காரில், மூக்கு 25 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் காஸ்டரில் அரை டிகிரிக்கு மேல் போய்விடும். அப்போது நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் காற்றில் ஆடுவதுபோல் இலேசாகிவிடும்.

டயரைத் தின்பது எது?

தாழ்த்திய காரின் டயர் உட்பக்கம் தேய்ந்தால், "கேம்பர் தின்றுவிட்டது" என்று எல்லாரும் சொல்வார்கள். கேம்பருக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் பெரிய திருடன் டோதான். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு முன்சக்கரங்களின் ரிம் விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தை முன்புறமும் பின்புறமும் அளக்கிறோம். வேறுபாடு 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சக்கரத்தின் பங்கு ஒன்றரை மில்லிமீட்டர். ரிம்மின் குறுக்களவு 400 மில்லிமீட்டர். 400 மில்லிமீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கோணல் என்றால், 1 கிலோமீட்டர் ஓடும்போது 3.75 மீட்டர் கோணல். கார் நேராகப் போகிறது. சக்கரமோ வேறு திசையைப் பார்க்கிறது. ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டரிலும் டயர் 3.75 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் 37 கிலோமீட்டருக்கு மேல் டயரைப் பக்கவாட்டில் தரதரவென்று இழுத்ததற்குச் சமம். வெறும் 3 மில்லிமீட்டர் செய்கிற வேலை இது!

இந்தத் தேய்மானம் டயரின் முழு அகலத்திலும் பரவினால் மெல்ல மெல்லத்தான் தெரியும். சக்கரம் உட்பக்கம் சாய்ந்தும் இருந்தால், பாரத்தில் பெரும்பங்கு உள் விளிம்பில் விழுகிறது. தேய்ப்பதும் அங்கேயே நடக்கிறது. டோவும் கேம்பரும் கூட்டுச் சேர்ந்தால் புது டயரும் சில மாதங்களில் கெட்டுவிடும்.

இதில் மிகவும் அஞ்சத்தக்க செய்தி யாதெனில், தேய்வது நம் கண்ணுக்குத் தெரியாத பக்கம் என்பதே. என்னிடம் படித்த மாணவர் ஒருவர், இப்போது தொழிற்சாலையில் வேலை செய்பவர், பழைய மைவி ஒன்றை வாங்கித் தாழ்த்தியிருந்தார். அலைன்மெண்ட் செய்யவில்லை. வெளியே பார்த்தால் டயரின் பட்டைகள் ஆழமாக, நன்றாகத்தான் இருந்தன. ஒரு நாள் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி நிறுத்திவிட்டு உட்புறத்தைப் பார்த்தார். ரப்பர் போய், உள்ளேயிருக்கும் கம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் தாயாரையும் அக்காள் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய் வந்திருக்கிறார். "மழை பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் சார்?" என்று அவர் கேட்டபோது, பதில் இருவருக்குமே தெரிந்திருந்தது.

மழையில் டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். அப்போதுதான் ரப்பர் ரோட்டைத் தொடும். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரை மாற்றியே ஆகவேண்டும். உள் விளிம்பில் பள்ளமே இல்லாத டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் மிதந்தால் பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது.

சீரமைக்கும் வரிசை

'முதல் கோணல் முற்றும் கோணல்' என்பது பழமொழி. அலைன்மெண்ட் வேலையில் வரிசை மாறினால் இது அப்படியே பலிக்கும். பட்டறைக்குப் போகுமுன் இந்த வரிசையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். சமதரையில் காரை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலுள்ள தகட்டின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும். ஹை-லோ என்னும் உயரம் மாற்றும் அப்சார்பர் போட்டிருந்தால், பூட்டு வளையத்தை இறுக்கிவிட்டு அதன் பிறகே அலைன்மெண்ட். பிறகு உயரத்தைத் தொட்டால் அலைன்மெண்டையும் மறுபடி செய்தாக வேண்டும்.

2. ரப்பர் புஷ்களைக் கவனியுங்கள். லோவர் ஆர்மின் மூட்டுகளில் ரப்பர் புஷ் இருக்கிறது. பழைய உயரத்தில் இறுக்கிய போல்டை அப்படியே விட்டுக் காரைத் தாழ்த்தினால், புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், விரைவில் கிழிந்துவிடும். போல்டைத் தளர்த்தி, காரின் பாரம் சக்கரத்தின்மேல் நிற்கும்போது மறுபடி இறுக்க வேண்டும். பல இடங்களில் இதைச் செய்வதில்லை. நீங்களே கேட்டுச் செய்விப்பது நல்லது.

3. ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பால் ஜாயிண்ட், டை ராட் முனை, சக்கரப் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால் அலைன்மெண்ட் செய்து பயனில்லை. ஆடுகிற பல்லுக்குத் தங்கம் கட்டுவதுபோல் ஆகும். பழுதானதை மாற்றிய பிறகே அளக்க வேண்டும்.

4. டயரில் காற்றைச் சரிபார்த்து, வண்டியிலுள்ள வேண்டாத மூட்டை முடிச்சுகளை இறக்கிவிடுங்கள். கதவருகே ஒட்டியுள்ள தாளில் காற்றின் அளவு இருக்கும்.

5. பின்சக்கரங்களை முதலில் அளக்கச் சொல்லுங்கள். கார் எந்தத் திசையில் தள்ளப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பவை பின்சக்கரங்களே. அவை கோணலாக இருக்க, முன்சக்கரத்தை மட்டும் திருத்தினால் கார் நண்டுபோல் ஒரு பக்கமாக நடக்கும். மைவி போன்ற கார்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புப் பாலத்தில் பிணைந்துள்ளன. தாழ்த்துவதால் அவற்றின் கோணம் அதிகம் மாறாது, மாற்றவும் எளிதில் வழியில்லை. வீரா போன்ற கார்களில் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கைகளில் நிற்கிறது. அங்கே கோணம் மாறும். கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும்.

6. அடுத்து முன்சக்கரத்தின் காஸ்டர், கேம்பர். இடமும் வலமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபடாமல் இருப்பது நல்லது. வேறுபட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

7. எல்லாவற்றுக்கும் கடைசியாக டோ. கேம்பரைத் தொட்டால் டோவும் கூடவே மாறும். ஆகவே டோவை முதலில் திருத்திவிட்டுக் கேம்பருக்குப் போனால் செய்த வேலை வீண். ஸ்டியரிங்கை நேராக நிறுத்திப் பூட்டிவிட்டு, இரு பக்கத்து டை ராடையும் திருத்த வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருகினால் கார் நேராகப் போகும். ஸ்டியரிங் வளையம் கோணலாக நிற்கும்.

புது ஸ்பிரிங் போட்டதும் முதல் அலைன்மெண்ட் உடனே செய்ய வேண்டும். டோ கெட்ட நிலையில் ஓட்டவே கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஸ்பிரிங்கும் ரப்பரும் அமர்ந்து, கார் இன்னும் சற்றுத் தாழும். அப்போது இரண்டாம் முறை அளந்து திருத்த வேண்டும். இந்த இரண்டாம் முறையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எந்த அளவில் நிறுத்துவது?

காரோடு வந்த அளவே முதல் வழிகாட்டி. அலைன்மெண்ட் இயந்திரத்தில் ஒவ்வொரு காருக்கும் உரிய அளவு இருக்கும். சரியாக உள்ளதைப் பச்சையிலும் தவறியதைச் சிவப்பிலும் காட்டும். தாழ்த்திய காரில் கேம்பர் பெரும்பாலும் சிவப்பிலேயே நிற்கும். குடும்பத்தோடு அன்றாடம் ஓட்டும் காருக்கு ஒன்று அல்லது ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பர் பெரிய பாதகம் செய்யாது, டோ சரியாக இருந்தால். டோவைச் சுழிக்கு அருகில், அல்லது ஒரு மில்லிமீட்டர் அளவு உள்நோக்கி நிறுத்துவது பொதுவான வழக்கம். பந்தயக் காரில் செய்வதைப் பார்த்து வெளிநோக்கி வைக்கவேண்டாம். பந்தயக்காரர் ஒரே நாளில் டயரை மாற்றுகிறார். நாம் அதே டயரை ஓராண்டுக்கு மேல் ஓட்ட வேண்டும்.

கேம்பரைக் குறைக்க வேண்டுமானால் வழிகள் உண்டு. தூணையும் சக்கர முட்டியையும் இணைக்கும் இரண்டு போல்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு, 'கேம்பர் போல்டு' போடுவது எளிய வழி. அதன் நடுப்பகுதி வட்டத்தில் பிசகியிருக்கும்; திருப்பினால் சக்கரம் சாயும் அல்லது நிமிரும். ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை திருத்தலாம். இந்தப் போல்டு பழையதைவிட மெல்லியது. ஆகவே குறிப்பிட்ட இறுக்கத்தில் முறுக்க வேண்டும். சில நாள் ஓட்டிய பின் மறுபடி சரிபார்க்க வேண்டும். தூணின் தலைப்பகுதியில் 'கேம்பர் பிளேட்' போடுவது இன்னொரு வழி. சிலர் போல்டுத் துளையை அரத்தால் தேய்த்து அகலப்படுத்துவார்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்பில் கைவைப்பது விஷப்பரீட்சை, அதைச் செய்யவிடாதீர்கள்.

அதனினும் கொடிது ஸ்பிரிங்கை வெட்டுவது. செலவில்லாமல் காரைத் தாழ்த்தும் வழி என்று இதைச் சொல்வார்கள். வெட்டிய ஸ்பிரிங் அதன் கிண்ணத்தில் ஒழுங்காக உட்காராது. மேட்டில் கார் துள்ளும்போது இடம் விலகவும் கூடும். இரு பக்கமும் ஒரே அளவாக வெட்டுவதும் அரிது. அப்படிப்பட்ட காருக்கு எந்த அலைன்மெண்டும் நிலைக்காது.

வீட்டிலேயே ஒரு சோதனை

டோ கெட்டிருக்கிறதா என்று அறிய, ஓர் அளவு நாடாவும் சுண்ணாம்புக் கட்டியும் போதும். சமமான சிமெண்டுத் தரையில் ஸ்டியரிங்கை நேராக வைத்துக் காரைச் சில மீட்டர் முன்னோக்கித் தள்ளி நிறுத்துங்கள். இரண்டு முன் டயர்களின் முன்புறத்திலும், தரையிலிருந்து ஒரே உயரத்தில், பட்டையின் நடுவே மெல்லிய குறி போடுங்கள். குறியிலிருந்து குறி வரை அளந்து எழுதுங்கள். பிறகு அதே குறிகள் டயரின் பின்புறத்தில் அதே உயரத்துக்கு வரும் வரை காரை முன்னோக்கித் தள்ளி, மறுபடி அளங்கள். இதற்கு இருவர் வேண்டும். முன் அளவு குறைந்திருந்தால் டோ-இன், கூடியிருந்தால் டோ-அவுட். இது சந்தேகம் தீர்க்கும் சோதனைதான். பட்டறை இயந்திரத்துக்கு ஈடாகாது. எக்காரணம் கொண்டும் வெறும் ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழையாதீர்கள்.

டயரும் தானே பேசும். காரை நிறுத்தி ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, முதலில் உட்புறத்தைக் கண்ணால் பாருங்கள். கம்பி தெரியும் டயரைக் கையால் தொட வேண்டாம், வெட்டிவிடும். கம்பி இல்லையென்றால் பட்டையின் குறுக்கே கையால் மெல்லத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல்போலும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. உள் விளிம்பு மட்டும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தால் கேம்பர். இரு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஆங்காங்கே குழி குழியாக இருந்தால் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம்.

கார் இலேசாக இடப்பக்கம் ஒதுங்கினால் உடனே பயப்பட வேண்டாம். மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். சமமான இடத்திலும் இழுத்தால்தான் கோளாறு.

அலைன்மெண்டாலும் தீராதவை

சில குறைகளை எந்த இயந்திரமும் தீர்க்காது. அதிகமாகத் தாழ்த்திய காரில் டை ராட் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும். குழியில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் டோ மாறிக்கொண்டே இருக்கும். பட்டறையில் நிற்கும்போது பச்சை. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓடும்போது ஸ்டியரிங் கையை மீறித் திமிறும். சக்கரம் மேலேற இடமும் குறைந்துவிடுவதால், அடிக்கடி 'டங்' என்று இடிக்கும். அந்த இடி அலைன்மெண்டையும் கெடுக்கும், முதுகெலும்பையும் கெடுக்கும். ஆகவே தோட்டத்து ரோட்டில் அன்றாடம் போய்வருவோர், தாழ்த்தியே ஆகவேண்டுமென்றால் கொஞ்சமாகத் தாழ்த்துவதே அறிவுடைமை.

முன்விளக்கின் பார்வையும் மாறியிருக்கும். மூக்கு இறங்கினால் வெளிச்சம் அருகிலேயே விழும். இருட்டு ரோட்டில் தூரம் தெரியாது. அதையும் சேர்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. பதிவு செய்த காரின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதற்கு 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதைச் சார்ந்த விதிகளும் இடந்தருவதில்லை. ஸ்பிரிங்கை வாங்குவதற்கு முன்பே ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது. விபத்து நேர்ந்த பிறகு காப்புறுதிக்காரரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதைவிட இது எளிது. வாகனப் பரிசோதனை நிலையத்தில் சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு நழுவுகிறது என்று பார்க்கும் சோதனையும் உண்டு. நாம் மேலே போட்ட 3.75 மீட்டர் கணக்கைத்தான் அங்கே தகடு ஒன்று அளந்து சொல்கிறது.

பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோர்களே, மகன் காரைத் தாழ்த்திவிட்டான் என்று திட்டித் தீர்ப்பதால் ஸ்பிரிங் உயரப்போவதில்லை. "அலைன்மெண்ட் செய்த தாளைக் காட்டு, அப்பா பார்க்கிறேன்" என்று கேளுங்கள். திருத்துவதற்கு முன்னும் பின்னும் இருந்த அளவுகள் அந்தத் தாளில் அச்சாகியிருக்கும். பிள்ளையின் பரீட்சைத் தாளில் மதிப்பெண் பார்ப்பதுபோல் அதையும் பாருங்கள். தாள் இல்லையென்றால், அந்தக் காரில் குடும்பத்தோடு வெளியூர் புறப்படாதீர்கள்.

தம்பிமார்களே, ஒரு டயரின் விலை நூறு வெள்ளிக்கு மேல். நான்குக்கும் சேர்த்தால் சம்பளத்தில் பெரும்பகுதி. அலைன்மெண்டுக்கு ஆவதோ சில பத்து வெள்ளிதான். ஸ்பிரிங்குக்குக் காசு சேர்க்கும்போதே, இரண்டு முறை அலைன்மெண்ட் செய்வதற்கும் கேம்பர் போல்டுக்கும் சேர்த்துச் சேமியுங்கள். அந்தப் பணம் இன்னும் சேரவில்லையென்றால் காரைத் தாழ்த்தும் நாளும் இன்னும் வரவில்லை என்று கொள்ளுங்கள்.

டயரிலுள்ள ரப்பர் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாக நடந்து நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பால் அது. மூன்று மில்லிமீட்டர் கோணலுக்காக அதை ரோட்டில் தேய்த்து வீணாக்க வேண்டுமா? இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, நான்கு டயர்களின் உட்புறத்தையும் ஒரு முறை குனிந்து பாருங்கள்.